தேம்ஸ் கரையும் பொருநைக் கரையும்

இலண்டன் சென்று திரும்பியோர் எழுதிய பயண நூல்களை எடுத்துப் பாருங்கள். அந்த மாநகரை ஊர்தியில் விரைந்து பார்ப்பதினும் காலாற நடந்து பார்ப்பதே சிறப்பு என்று எழுதாதவர் அரியர். நடந்தால்தான் தெரியும், தெருமுனைச் சிலையின் அடியிலே பொறித்த பெயர். பழைய வீட்டின் சுவரிலே பதித்த நீல வட்டத் தகடு. இன்னார், இன்ன ஆண்டிலே, இங்கே வாழ்ந்தார் என்ற சிறு அறிவிப்பு. அரசருக்கும் அமைச்சருக்கும் மட்டுமல்ல. நாடிழந்து, கையிலே காசின்றி, பெற்ற குழந்தைகளையும் பறிகொடுத்துத் துயருற்ற காரல் மார்க்ஸ் குடியிருந்த டீன் தெரு வீட்டிலும் அத்தகைய தகடு ஒன்று உண்டு. முதலாளித்துவத்தின் தலைநகரே, அதனைக் கவிழ்க்க நூல் எழுதியவரின் முகவரியை மறவாமல் குறித்து வைத்திருக்கிறது!

பாராட்டுகிறோம். ஆனால், அதே கண்ணோடு நம் ஊரை நாம் நடந்து பார்த்ததுண்டா? திருநெல்வேலிக்கு வருகிறவர் எதைக் காண்கிறார்? கோயிலின் இசைத்தூணைக் காண்கிறார்; அல்வாக் கடையைக் காண்கிறார்; பாபநாசத்து அருவியைக் காண்கிறார். பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, புறப்பட்டாயிற்று! ஊர் மட்டும் படிக்கப்படாத ஏடாகவே கிடக்கிறது.

அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்க வாசகத் தோழர்களை ஒரு நடைக்கு அழைக்கிறோம். புறப்படும் இடம் மேலப்பாளையம். சேரும் இடம் நெல்லையப்பர் கோயில் வாசல். இடையிலே பாளையங்கோட்டை, கொக்கிரகுளம், ஆற்றுப்பாலம். கையிலே வழிகாட்டி நூல் வேண்டா. இரண்டு கேள்விகள் போதும். இதைக் கட்டியவர் யார்? இதற்குள் வரவிடாமல் தடுக்கப்பட்டவர் யார்?

மேலப்பாளையத்திலிருந்து புறப்படுவானேன் என்று கேட்கலாம். காணத்தக்க இடங்களின் பட்டியலிலே மேலப்பாளையத்தின் பெயர் இருப்பதில்லை என்பதே காரணம். 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சி அமைந்தபோது, திருநெல்வேலி, பாளையங்கோட்டை ஆகியவற்றோடு தன் தனி நகராட்சித் தகுதியை விடுத்து இணைந்த ஊர் அது. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையராக வாழும் ஊர். தறியோசையால் வளர்ந்த ஊர். பாவு விரித்து, நூலுக்குப் பசை தோய்த்து, குழித்தறியில் கால் மிதித்து நெய்த கைலிகளும் துணிகளும் கடல் கடந்து போன காலம் ஒன்று இருந்தது. தறி நொடித்தபோது அந்த வீடுகளைத் தாங்கியது எது? பீடி! முறத்தை மடியில் வைத்து, இலையைக் கத்தரித்து, தூளை இட்டு, சுருட்டி, நூல் கட்டும் பெண்களின் விரல்கள்! ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கிலே அடுப்பு எரிந்தது; பிள்ளைகளின் பள்ளிச் செலவு நடந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் பிறப்பதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புகையிலைத் தூள் நெஞ்சை அரிக்கும் தொழில் அது. அதனைப் போற்றிப் பாட நாம் வரவில்லை. ஓர் ஊரைத் தாங்கிய உழைப்புக்கு அவ்வூரின் வரலாற்றிலே ஒரு வரியேனும் உண்டா என்றுதான் கேட்கிறோம்.

ஊருக்குள்ளே ஓடும் பாளையங்கால்வாயின் கரை வழியே கிழக்கே நடப்போம். கால்வாயைக் காண்போர் அதிலே வரலாறு ஓடுவதை எண்ணுவதில்லை. பொருநை என்று பழந்தமிழர் அழைத்த தாமிரவருணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. திருவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளையர் ஆட்சியிலே எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. அவற்றுள் பழவூர் அணையிலிருந்து பிரிவது பாளையங்கால்வாய்; சுத்தமல்லி அணையிலிருந்து பிரிந்து ஆற்றின் மறுகரையை நனைப்பது நெல்லைக் கால்வாய். ஏழைப் பக்தர் ஒருவர் உலரவைத்த நெல்லை, மழை நனைக்காதபடி இறைவன் வேலியிட்டுக் காத்தான். ஆகவே நெல்வேலி என்று பெயர் வந்தது என்கிறது தலபுராணம். நெல்லுக்கு வேலியிட்டவரைப் புராணம் பாடிற்று. நெல்லுக்கு நீர் கொணர்ந்தவரை யார் பாடினார்? கல்லைப் புரட்டி ஆற்றை மறித்தவர், மண்ணைச் சுமந்து கால் வெட்டியவர், மடையைக் காத்தவர், சேற்றிலே நாற்று நட்டவர் – இவர்களே மெய்யான நெல்வேலியார்!

கால்வாய்க்கரை நம்மைப் பாளையங்கோட்டையிலே சேர்க்கிறது. ஊரின் பெயரிலே கோட்டை உண்டு. ஊரிலே கோட்டை இல்லை. மதில்கள் இடிக்கப்பட்டன, வாயிற்பகுதிகளின் எச்சமே நிற்கிறது. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றிலே கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார், அவர் தம்பி ஊமைத்துரையையும் சுற்றத்தாரையும் பாளையங்கோட்டையிலேதான் சிறை வைத்தனர். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் அவர்கள் காவலை உடைத்து வெளியேறினர். அதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. வெள்ளையர் இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களிலேயே மீண்டும் எழுந்து நின்றது! ஒருவர் இருவரால் ஆகுமா அது? மண் குழைத்தவரும் சுமந்தவரும் ஊர் ஊராகத் திரண்டிருக்க வேண்டும். வாய் பேசாத வீரரின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்காக மண் சுமந்தோரின் பெயர்?

சற்று நடந்தால் சிறியதொரு மாதாகோயில். 1785-இல் எழுந்தது. கட்டியவர் குளோரிந்தா; தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த பார்ப்பனக் கைம்பெண். கணவனின் சிதையிலே ஏற்றப்படவிருந்த அவரை ஆங்கில அதிகாரி ஒருவர் மீட்டார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. உடன்கட்டை ஏறுவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது 1829-இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொண்ட பெண் அவர். தம்மை மீட்ட அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்தார் என்பதனால் பாதிரியார் சுவார்ட்ஸ் முதலில் அவருக்குத் திருமுழுக்குத் தர மறுத்தார். அதிகாரி இறந்தபின் 1778-இல் தந்தார். சாத்திரம் சிதையைக் காட்டிற்று. சமயம் காத்திருக்கச் சொல்லிற்று. இரண்டையும் கடந்து நின்றார் அவர். ஊர் அவருக்குச் செய்த சிறப்பு என்ன தெரியுமா? அவர் கட்டிய கோயிலுக்கு இட்ட பெயர் – பாப்பாத்தியம்மாள் கோயில்! பிறந்த மதத்தை விட்டார், பெயரையும் விட்டார். அவர் உதறிய சாதியை மட்டும் ஊர் விடவில்லை. சமயம் மாறினால் சாதி ஒழியும் என்று நம்பியோர் அந்தக் கோயிலின் முன்னே ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பார்க்கட்டும்.

எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இதே ஊரில் இருந்தார். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த செர்மானியப் பாதிரியார் இரேனியஸ், தம்மிடம் பயில வந்த எல்லாச் சாதி மாணவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்றார். எதிர்ப்புக் கிளம்பிற்று, அவர் தளரவில்லை. நிலவியலைத் தமிழிலே கற்பிக்கப் ‘பூமி சாஸ்திரம்’ என்ற நூலை 1832-இல் வெளியிட்டவரும் அவரே. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் நடந்தது என்ன? அதே பொருநைக் கரையிலே, மேலப்பாளையத்திற்கு மேற்கே உள்ள சேரன்மாதேவியில், வ. வே. சு. ஐயர் நடத்திய தேசிய குருகுலத்திலே, பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப் பந்தி இருந்தது! 1924, 1925 ஆண்டுகளிலே தமிழகத்தையே குலுக்கிய பூசல் அது. பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் கண்டித்தனர். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியதற்கு வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டது காரணம். அவர் உள்ளத்திலே அந்தக் கனலை மூட்டியவற்றுள் சேரன்மாதேவிச் சோற்றுப் பந்தியும் ஒன்று. இந்த ஆற்றங்கரையிலே நடந்தால், தமிழகத்தின் அரசியல் எந்த இலையிலிருந்து தொடங்கிற்று என்பது புரியும்.

நடையின் பெருமையை உணர்ந்த இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். 1841-இல் சென்னையிலிருந்து நெல்லைச் சீமையின் இடையன்குடிக்கு நடந்தே வந்தவர் கால்டுவெல். மக்களையும் மொழியையும் அறிய விரும்பினார்; பல்லக்கிலே சாய்ந்திருந்தால் அது முடியாது என்பதனை உணர்ந்திருந்தார். அந்த நடையின் பயன், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமாக 1856-இல் வெளிவந்தது. நெல்லைச் சீமையின் வரலாறாக 1881-இல் வெளிவந்தது. அவர் எழுதியவற்றுள் ஏற்க இயலாதனவும் உண்டு. நாடார் மக்களைப் பற்றி அவர் எழுதியதை அம்மக்களே கண்டித்துப் போராடினர். அதுவும் வரலாறே. ஆயினும், ஒரு நாட்டை அறியக் காலால் நடக்க வேண்டும் என்ற அவரது பாடம் இன்றும் பொய்க்கவில்லை.

பாளையங்கோட்டையைத் தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்பர். பட்டத்தை நாம் பெரிதாகக் கருதவில்லை. பட்டத்தின் பின்னே உள்ள செயலைக் கருதுகிறோம். கண்ணிழந்தோர் முற்பிறப்பின் வினையை அனுபவிப்பவர் என்று நாடு நம்பிக்கொண்டிருந்த நாளிலே, 1890-இல், அவர்களுக்கு விரலால் தடவிப் படிக்கக் கற்பிக்கும் பள்ளியை இந்த ஊரிலே தொடங்கினார் ஆஸ்க்வித் என்ற பெண்மணி. காது கேளாதோர் பள்ளியும் அந்நூற்றாண்டு முடியுமுன்னே எழுந்தது. பெண்களுக்குக் கல்லூரி ஏன் என்று கேட்டோர் நிறைந்திருந்த 1895-இல், சாராள் தக்கர் பெயரால் பெண்கள் கல்லூரி அமைந்தது. 1923-இல் தூய சவேரியார் கல்லூரி. 1971-இல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. எத்தனை ஆண்டுக்காலம் தலைவிதி என்று சொல்லி வந்ததை, கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் அழித்துக் காட்டின!

இந்த ஊரின் மற்றொரு பள்ளிக்கூடம் மத்தியச் சிறை. இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் எழுந்த 1965-இல், கலைஞர் மு. கருணாநிதி தனிமைச் சிறையில் வைக்கப்பட்டது அங்கேதான். பேரறிஞர் அண்ணா வந்து கண்டு சென்றதும் அங்கேதான்.

இனி மேற்கே திரும்பிக் கொக்கிரகுளத்தை அடைவோம். ஆட்சியர் அலுவலகம், அதன் முன்னே ஆறு, ஆற்றின் மேலே பாலம். 1843-இல் திறக்கப்பட்டது, பதினொரு வளைவுகள் கொண்டது. அதற்கு முன்னே இக்கரையினர் அக்கரை செல்லப் படகையே நம்பியிருந்தனர். நெரிசலும் அடிதடியும் நேர்ந்தன. ஆட்சியர் தாம்சன் பாலம் கட்ட விரும்பினார், படைத்தலைவர் ஹார்ஸ்லி வரைந்தார், பணம்? ஆட்சியர் அலுவலகத்திலே சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் பொருளையும் மனைவியின் நகைகளையும் ஈந்தார் என்பது ஊரறிந்த செய்தி. கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்து தம் பெயரை நிறுத்தியோர் பலர். அவர் எல்லாச் சாதியும் எல்லா மதமும் கடக்கும் பாதைக்குப் பொருள் தந்தார். மேலப்பாளையத்து நெசவாளரும் கடந்தார். அக்கிரகாரத்து வைதிகரும் அதே பாலத்தைத்தான் கடந்தார்!

இலண்டன் தேம்ஸ் ஆற்றின் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு இதனை அமைத்தனர் என்பர். அந்தப் பாலம் 1817-இல் திறக்கப்பட்டது. அதற்கு வளைவுகள் ஒன்பது. இன்று இலண்டனுக்குப் போய் அதனைக் காண விரும்புவோர் ஏமாறுவர். 1930களில் அதை இடித்துவிட்டனர். மாதிரி மறைந்தது, மாதிரியைப் பார்த்துக் கட்டியது பொருநைமேல் நிற்கிறது! தேம்ஸின் மேல் இப்போது இருப்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே கட்டிய புதுப்பாலம். ஆடவர் போர்முனைக்குச் சென்றிருந்தமையால், அதனைக் கட்டியதில் பெரும்பங்கு பெண்களுடையது. 1945-இல் நடந்த திறப்பு விழாவிலே அமைச்சர் ஆடவரின் உழைப்பையே புகழ்ந்தார்; பெண்களைக் குறித்து ஒரு சொல் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து, நினைவுகளையும் படங்களையும் தேடித் திரட்டியபின்னரே அந்த உண்மை ஏற்கப்பட்டது. நீலத் தகடுகளின் நகரமும் உழைத்த பெண்களை மறந்தது! தேம்ஸ் கரையின் தொழிலாளிப் பெண்ணும் மேலப்பாளையத்துப் பீடிப் பெண்ணும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் அல்லவா?

பாலத்தின் மேல் நின்று கீழே பாருங்கள். 1999 ஜூலை 23-ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தனர். தடியடி நடந்தது. ஒதுங்க இடமின்றி மக்கள் ஆற்றில் இறங்கினர். ஒரு குழந்தையும் பெண்கள் இருவரும் உட்பட 17 பேர் மாண்டனர். மலைமேலே தேயிலை பறித்தவர் ஆற்றிலே பிணமாயினர். அன்று ஆட்சியிலிருந்தது திராவிட இயக்கத்திலே தோன்றிய கட்சியே. அதற்காகக் கேள்வியை விழுங்கிவிடலாமா? கூடாது. அயலாரைக் கேட்கும் கேள்வியை நம்மவரையும் கேட்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு. 1843-இல் பாலத்துக்குப் பொருள் தந்தவரை ஊர் மறவாதது நன்று. 1999-இல் பாலத்தின் நிழலிலே உயிர் தந்தவர்களையும் ஊர் மறக்கக்கூடாது.

அதே கொக்கிரகுளத்திலே 1987-இல் அமைந்த மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. ஆற்றங்கரை என்றால் திவசமும் தர்ப்பணமும் என்றிருந்த நாட்டிலே, ஆற்றங்கரையிலே சிறுவர் கோள்களையும் கருவிகளையும் கண்டு கேள்வி கேட்கிறார்கள் என்றால் நம் உள்ளம் குளிர்கிறது.

பாலத்தைக் கடந்து, சந்திப்பு நிலையத்தருகே வள்ளுவர் பெயர் தாங்கிய ஈரடுக்கு மேம்பாலத்தைத் தாண்டி, நகரத்துள் நுழைகிறோம். 1908 மார்ச் 12-ஆம் நாள் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் இந்த நகரம் கொதித்தெழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர் வெளியேறினர், நகராட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் தீ எழுந்தது. துப்பாக்கிச் சூட்டிலே நால்வர் மாண்டனர். தூத்துக்குடி ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற வழக்கறிஞருக்காக ஊரே எழுந்த நாள் அது. வ.உ.சி.க்குச் சிலைகள் உண்டு, வேண்டும். அந்த நால்வர் விழுந்த தெருவிலே ஒரு கல்லேனும் நட வேண்டாமா?

அதே 1908-இல் இலண்டனிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. கமுதிக் கோயிலுள் நாடார் மக்கள் நுழைந்தது பற்றிய வழக்கு, கீழ்நீதிமன்றங்களைக் கடந்து, டவுனிங் தெருவிலே அமர்ந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. கோயிலுள் நுழைய அவர்களுக்கு உரிமை இல்லை என்றது தீர்ப்பு! ஆயிரக்கணக்கான கல் தொலைவிலே, கமுதியைக் கண்ணாலும் காணாத வெள்ளையர், கமுதிச் சாதியாரின் தடைக்கு முத்திரை குத்தினர். டவுனிங் தெருவைக் காணச் செல்லும் தமிழர் பிரதமரின் கதவைப் படம் எடுத்துத் திரும்புகின்றனர். நம்மவர் முகத்திலே ஒரு கதவு சாத்தப்பட்டதும் அந்தத் தெருவிலேதான் என்பதை எத்தனை பேர் அறிவர்?

நடை முடிகிறது, நெல்லையப்பர் கோயில் வாசலிலே நிற்கிறோம். ஒரே கல்லிலே பல சிறு தூண்கள். தட்டினால் வெவ்வேறு ஒலி. ஈசன் அருள் என்பார் சிலர். கல்லின் தன்மையும் பருமனும் உயரமும் அறிந்து உளி பிடித்தவரின் அறிவு என்போம் நாம். இரு கோயில்களை இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647-இல் கட்டுவித்தவர் வடமலையப்பர் என்று பெயரும் ஆண்டும் தெரிகின்றன. இசைக்கும் கல்லைச் செதுக்கிய கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சிற்பியின் இசையைக் கேட்க, சேரியில் பிறந்த தமிழர் எத்தனை தலைமுறை வெளியிலே நின்றனர்! 1939-இல் தொடங்கி 1947-இல் முழுமையான கோயில் நுழைவுச் சட்டம் வந்த பின்னரே அந்தக் கதவு அவர்களுக்குத் திறந்தது. கோயிலுக்குள் போவதா வேண்டாவா என்பது அவரவர் அறிவின் பாற்பட்டது. போகக்கூடாது என்று பிறர் சொல்வது மானத்தின் பாற்பட்டது.

பொருநையோ இதற்குமேலும் ஓடுகிறது. கீழே ஆதிச்சநல்லூர். 1876-இல் அங்கே அகழ்ந்த செர்மானியர் யாகோர், தாம் கண்டெடுத்த தாழிகளையும் பொருள்களையும் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். ஆக, ஐரோப்பியத் தலைநகரிலே நம் முன்னோரின் பானை. பொருநையின் மேலே ஐரோப்பியத் தலைநகரத்துப் பாலத்தின் சாயல்! பழம்பானையின் அருமையை அயலான் அறிந்து பெட்டியிலே பூட்டிக் காத்தான். நாம் அறியும் நாள் எந்நாள்?

இளைஞர்களே! இதற்கு அரசின் ஆணையை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. விடுமுறை நாளொன்றில் பத்துப் பேர் கூடுங்கள். மேலப்பாளையத்திலிருந்து புறப்படுங்கள். தறியில் அமர்ந்த முதியவரிடமும் பீடி சுற்றிய மூதாட்டியிடமும், அவர்கள் நினைவிலே எஞ்சியுள்ளதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களோடு அது மறையுமுன் எழுதிக்கொள்ளுங்கள். பாலத்தருகே நின்று, பொருள் தந்தவரையும் உயிர் தந்தவர்களையும் சேர்த்தே பேசுங்கள். எழுதியதை ஊர் நூலகத்திலே வையுங்கள், மன்றத்திலே படியுங்கள், தவறு இருந்தால் சான்றோடு திருத்துங்கள். அதன்பின் மாநகராட்சியின் கதவைத் தட்டி, இந்தத் தெருவுக்கு ஒரு கல், அந்தச் சுவருக்கு ஒரு தகடு என்று கேளுங்கள். பட்டியல் உங்கள் கையிலே இருக்கும்போது, மறுப்பவருக்கு வாய் ஏது?

தேம்ஸ் கரையில் நடக்கும் வாய்ப்புக் கிட்டுமாயின் நடப்போம், மகிழ்வோம். அதற்கு முன்னே பொருநைக் கரையில் நடப்போம்; நம்மை அறிவோம்!